விசாரணை அண்ணை விசாரித்த அமெரிக்க மாப்பிள்ளை

சுவிஸில் தமிழருக்குள் குழம்பிப்போன கல்யாணங்களில் பாதியைக் குழப்பியவர் விசாரணை அண்ணை. மற்றப் பாதியைக் குழப்ப அவருக்கு லீவு கிடைக்கவில்லை.

சொந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. சூரிச்சில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் நானும் அவரும் ஏழு வருடம் பக்கத்தில் நின்று கோப்பை கழுவியிருக்கிறோம். அவருடைய வேலை அட்டையில் இருந்தது அவரின் அப்பாவின் பெயர். அதைத்தான் குடும்பப் பெயர் என்று இங்கே எவனோ ஒரு அதிகாரி பதிந்துவிட்டான். ஆகவே எங்கள் தலைமைச் சமையல்காரர் தினமும் காலையில் "ஹெர் செல்லத்துரை!" என்று, திருவாளர் பட்டம் போட்டு, எப்போதோ செத்துப்போன ஒரு மனிதரைக் கூப்பிடுவார். இவரும் கூசாமல் "யா" என்று போய் நிற்பார். தமிழருக்கு அவர் நேரில் அண்ணை, முதுகுக்குப் பின்னால் விசாரணை.

விசாரணை என்றால் என்ன என்று கேட்கும் அதிர்ஷ்டசாலிகளுக்குச் சொல்கிறேன். பெடியன் நல்லவனா, வேலைக்குப் போகிறானா, குடிக்கிறானா என்று பார்ப்பதெல்லாம் விசாரணை ஆகாது. "ஆர் ஆக்கள்?" என்று கண்டுபிடிப்பதுதான் விசாரணை. சாதி என்ற சொல்லை எங்கள் சனம் வாயால் உச்சரிக்காது. அவ்வளவு நாகரிகம். ட்ராமில் ஒழுங்காக டிக்கெட் எடுக்கும், குப்பையை வகை வகையாகப் பிரித்துப் போடும், பிள்ளைக்கு வயலின் பழக்கும். கல்யாணம் என்று வந்ததும் லாங்ஸ்ட்ராஸ என்ற தெருப் பக்கம் ஒரு தமிழ்க் கடைக்கு வந்து, அங்கே அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும் இந்த மனிசனின் காதுக்குள், "அண்ணை, ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ" என்று குசுகுசுக்கும்.

அவர் அதற்குக் கூலி வாங்கியதில்லை. வாங்கியிருந்தால் வயிற்றுப் பிழைப்பு என்று மன்னித்திருக்கலாம். அவர் ருசிக்குச் செய்தார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் காணி உறுதிப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவர். உறுதியில் காணியின் நாலு எல்லையையும் எழுதுவார்கள்: வடக்கே இன்னார் வளவு, கிழக்கே இன்னார் தோட்டம் என்று. மனிசரையும் அவர் அப்படித்தான் அளந்தார். "தம்பி, ஆளைக் கேட்டா ஆள் பொய் சொல்லுவான். நாலு எல்லையைக் கேள்" என்பார். மாப்பிள்ளை இங்கே ரெனான் என்ற ஊரில் இருந்தால், மாப்பிள்ளையின் பேரனாருக்கு, அதாவது தாத்தாவுக்கு, ஊரில் பக்கத்து வளவில் இருந்தவர்கள் இப்போது டொரொன்டோவில் இருக்கிறார்களா, பாரிஸில் இருக்கிறார்களா என்று தேடிப் பிடித்து ரெலிபோன் எடுப்பார். ஒருமுறை காது கேளாத ஒரு தொண்ணூறு வயதுக் கிழவரிடம் ஒன்றரை மணித்தியாலம் கத்திக் கத்தி, மாப்பிள்ளையின் பூட்டனாருக்கு வேறு ஊரில் ஒரு முதல் தாரம் இருந்ததைக் கண்டுபிடித்தார். மண்டபம் பதிந்து, அழைப்பிதழ் அடித்து முடிந்த கல்யாணம் அது. பெண்ணின் தகப்பன் மண்டபத்தை ஒரு சுவிஸ் கூட்டுப்பாட்டுக் குழுவுக்கு விட்டுக்கொடுத்தார்.

இன்னொரு கூத்தும் உண்டு. ஒரு விசாரணை இழுபட்டு இழுபட்டு முடிய ஒன்பது வருடமானது. அதற்குள் அந்தப் பெடியனும் பெட்டையும் கல்யாணம் கட்டி, இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். வேறு யாராவது என்றால் பேசாமல் விட்டிருப்பார்கள். இவர் பஸ் பிடித்து வீட்டுக்கே போய், கதவு திறந்த புருஷனிடம், "தம்பி, விசாரிச்சுப் பாத்ததிலை நீங்கள் சரிவராது" என்று சொல்லிவிட்டு வந்தார். அவன் சப்பாத்தால் எறிந்ததாகக் கேள்வி. பட்டதோ தெரியாது.

இப்படிப்பட்ட மனிசனிடம் எங்கள் வீட்டு விஷயத்தைக் கொண்டுபோனவன் நான்தான். அந்த வெட்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா ஷாஃப்ஹவுசனில் இருக்கிறா. அத்தான் காலமாகிவிட்டார். ஒரே மகள் சிந்து அங்கேயே பிறந்து வளர்ந்தவள், சூரிச்சில் ஒரு கட்டட வரைஞர் அலுவலகத்தில் வேலை. அவள் ஒருநாள் தாய்க்கு முன்னால் ஒரு படத்தை வைத்து, இவனைத்தான் கட்டப்போகிறேன் என்றாள். பெயர் ஐசக் ஹார்வில். அமெரிக்கன். இங்கே ஒரு ஆய்வுகூடத்தில் வேலை. அக்கா படத்தைச் சன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தா.

"வெள்ளையுமில்லை, கறுப்புமில்லை. எங்கட பெடியள் மாதிரியெல்லோ இருக்கிறான். ஆர் ஆக்கள்?"

"அம்மா, அவன் அமெரிக்கன்."

"அமெரிக்காவிலை ஆக்கள் இல்லையோ?"

சிந்துவுக்கு அதற்கு மேல் தமிழ் வரவில்லை, சுவிஸ் ஜெர்மனில் ஏதோ கத்தினாள். அக்கா தமிழில் கத்தினா. முடிவு இதுதான்: ஆர் ஆக்கள் என்று தெரியாமல் அக்கா கல்யாணப் பதிவுக் கந்தோரின் வாசற்படியை மிதிக்க மாட்டா. சிந்து என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். "மாமா, டெர்மின் எடுத்தாச்சு, பதிவுக்கு நாள் குறிச்சாச்சு. அம்மா வராட்டியும் நான் கட்டுவன். ஆனா அம்மா இல்லாத கலியாணத்தை நான் சாகும்வரைக்கும் மறக்க மாட்டன்." சொல்லும்போது அழுதாள். தாய்மாமன் என்று நான் ஒருவன் இருந்து என்ன பிரயோசனம்?

என் கணக்கு இதுதான்: விசாரணையிடம் கொடுப்போம். அமெரிக்காவில் அவருக்கு எந்தக் கிழவரைத் தெரியும்? இரண்டு கிழமையில் கையை விரிப்பார். விசாரணை அண்ணையாலேயே முடியவில்லை என்று அக்காவைச் சமாளித்துவிடலாம். அடுத்த நாள் கழுவும் இடத்தில் மெல்லக் கதையைத் தொடங்கினேன். அவர் கடைசிக் கோப்பையைக் கவிழ்த்துவைத்து, கையைத் துடைத்தார்.

"எந்த மாகாணம்?" என்றார்.

அப்போதே நான் ஓடியிருக்க வேண்டும்.

முதல் மூன்று மாதம் அவர் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐசக்கைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தது அவனுடைய அத்தை, தகப்பனின் தமக்கை, மேரிலாந்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவவிடம் சிந்து மூலம் கேட்டதில் பேரனாரின் பெயர் ரோபர்ட் என்று தெரிந்தது. விசாரணை உடனே முடிவு கட்டினார்: ஐசக் ஹார்வில் என்றால் ஐசக்கின் தகப்பன் ஹார்வில், ஹார்வில்லின் தகப்பன் ரோபர்ட். எங்கள் முறைப்படி அச்சொட்டான கணக்கு. பொது நூலகத்துக் கணினியில் உட்கார்ந்து, ஒஹாயோவில் ஹார்வில் ரோபர்ட்ஸ் என்று ஒருவரைக் கண்டுபிடித்தார். அவருடைய பாட்டன் குதிரை களவெடுத்து மறியல் சிறைக்குப் போனவன். அன்று பின்னேரமே அக்காவுக்கு ரெலிபோன்.

அக்கா மூன்று நாள் சாப்பிடவில்லை. "எங்கட குடும்பத்துக்குள்ளை குதிரைக் கள்ளனோ?" என்று ஒரே அழுகை. ஐசக் பாவம், அவனுக்குக் குதிரையைக் கண்டாலே பயம்.

நான் பத்திரங்களை வாங்கிப் பார்த்துவிட்டு விளக்கினேன். அண்ணை, அவர்களுக்குத் தகப்பன் பெயர் ஒவ்வொரு தலைமுறையும் மாறாது, ஹார்வில் என்பது குடும்பத்தின் பெயர், தகப்பன், பேரன், பூட்டன் எல்லாரும் ஹார்வில்தான் என்று. அவர் என்னை நம்பாமல் பார்த்தார்.

"முந்நூறு வருஷமா ஒரே பேரோ? ஏன், அவங்களுக்குப் பேர்ப் பஞ்சமோ?"

சொல்வது யார்? பத்து வருடத்துக்கு மேலாக ஹெர் செல்லத்துரை என்ற பெயரில் சம்பளம் எடுத்தவர்.

குதிரைக் கள்ளனை விட்டுவிட்டு இரண்டாம் தரம் தொடங்கினார். பிழை விட்டதில் அவருக்கு வந்த ரோசம் இருக்கிறதே, குசினியே தாங்கவில்லை. கோப்பை கழுவிக்கொண்டிருப்பவர் திடீரென்று நிறுத்தி, நுரைக் கையைத் தூக்கி, மேரிலாந்தில் புகையிலைத் தோட்டங்கள் எந்த ஆற்றங்கரையில் இருந்தன என்று விளக்குவார். தலைமைச் சமையல்காரர் "ஹெர் செல்லத்துரை!" என்று அலற, ஒரு தட்டு கீழே விழும். நான்தான் பொறுக்குவேன். பழைய ஆங்கிலக் கையெழுத்து வாசிக்க மட்டும் அவருக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. நொத்தாரிசின் கையெழுத்தை விடவா மோசம் என்பார்.

தலைமுறை தலைமுறையாகப் பின்னால் போனார். போகப் போக அவருக்கு ஒரு புதினம் தட்டுப்பட்டது.

"தம்பி, இஞ்ச பார். இந்தக் குடிசனக் கணக்குப் பட்டியல் எழுதினவன் ஹார்வில் குடும்பம் கலப்பு எண்டு போட்டிருக்கிறான். பிறகு வந்தவன் வெள்ளை எண்டுறான். அவனுக்குப் பிறகு வந்தவன் செவ்விந்தியன் எண்டுறான். ஆள் அதே ஆள், வளவும் அதே வளவு. எழுதுறவன்தான் மாறியிருக்கிறான்."

"அப்ப அவையள் ஆர் ஆக்கள், அண்ணை?" என்று நக்கலாகக் கேட்டேன்.

அவர் மூன்று பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, திரும்ப முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். வேலை முடிந்து ட்ராமில் ஏறி உட்கார்ந்தும் அதையே வாசித்தார். 

கடைசியில் குடும்பத்தின் வேர் ஒரு பெண்ணில் போய் முட்டிக்கொண்டு நின்றது. பெயர் மேரி ஹார்வில். அமெரிக்கா அப்போது நாடுகூட இல்லை, இங்கிலாந்துக்காரனின் குடியேற்றம். இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போய் ஒரு தோட்டக்காரன் வீட்டில் ஒப்பந்த வேலைக்காரியாக இருந்த வெள்ளைக்காரப் பெட்டை. அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றையும் பிரித்து வேறு வேறு வீடுகளில் வேலைக்குக் கட்டிவைத்த பத்திரங்கள் இருக்கின்றன. தகப்பனின் பெயர் எதிலும் இல்லை. கணினியில் இந்தக் குடும்பத்தைத் தேடிய படித்த மனிதர்கள் எல்லாரும் அந்த இடத்தில் 'தகப்பன் தெரியாது' என்று எழுதிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்கள்.

விசாரணை படுக்கவில்லை. நாலு எல்லையைக் கேட்டார். மேரி ஒப்பந்தம் முடிந்து தனியே குடியிருந்த காலத்து வரிப் பட்டியல்களை எடுத்து, அவளை விட்டுவிட்டு, பக்கத்து வீடுகளை மட்டும் பார்த்தார். வடக்கே இருந்தவன் மாறினான், தெற்கே இருந்தவன் செத்தான். ஆனால் எல்லாப் பட்டியலிலும் மேரிக்கு அடுத்த வரியில் ஒரே ஒரு ஆள். பீட்டர். குடும்பப் பெயர் கிடையாது. பெயருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு விளக்கம்: கிழக்கிந்தியன்.

பீட்டரின் பெயரைப் பிடித்துக்கொண்டு போக அவனுடைய மரண சாசனம் கிடைத்தது. ஒரு பசு, ஒரு கட்டில், ஒரு இரும்புப் பானை. மேரிக்கும், பெயர் சொல்லி அவளுடைய மூன்று பிள்ளைகளுக்கும். பிறகு அந்த ஊர் நீதிமன்றப் புத்தகத்தையும் தேடிப் பிடித்தார். அதில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லவில்லை. எனக்கு அதற்குப் பொறுமையும் இருக்கவில்லை. கிழக்கிந்தியன் என்றதுமே நான் துள்ளிவிட்டேன்.

"அண்ணை! அது எங்கட பக்கமெல்லோ! அக்காட்டை யாழ்ப்பாணம் எண்டு சொல்லிவிடுங்கோ. நல்லதொரு ஊர்ப் பேரும் சேர்த்துச் சொல்லுங்கோ. நாளைக்கே கூறைச்சீலை எடுக்கப் போவா."

"எந்தக் கரையிலை கப்பல் ஏத்தினவங்கள் எண்டு எழுதேல்லை. வங்காளமாயும் இருக்கலாம், மலையாளமாயும் இருக்கலாம்."

"ஆர் அண்ணை போய்ப் பாக்கப் போகினம்?"

"எழுத்திலை இல்லாததை நான் எப்பவாவது சொன்னனானோ?" என்று எழும்பிப் போய்விட்டார்.

உண்மையைச் சொல்லிச் சொல்லி எத்தனை பிள்ளைகளின் வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டவர். ஒரே ஒரு பொய்யில் ஒரு கல்யாணம் ஒப்பேறும் என்றால் மட்டும் அரிச்சந்திரன் ஆகிவிட்டார். அன்றைக்கு அவரைக் கோப்பை கழுவும் இயந்திரத்துக்குள் வைத்துக் கதவைப் பூட்டலாம் என்றிருந்தது. பதிவுக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷாஃப்ஹவுசனுக்கு வந்தார். கோட் போட்டிருந்தார். கக்கத்தில் ஒரு நீளச் சுருள். எங்கள் குசினியில் பேக்கிங் தட்டில் விரிக்கும் எண்ணெய்த்தாள். அதிலே முழு வம்சத்தையும் எழுதியிருந்தார். விரித்தால் சாப்பாட்டு மேசையைத் தாண்டி, கதிரையைத் தாண்டி, குளியலறை வாசல்வரை போனது. சிந்து கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். அக்கா தேத்தண்ணியும் ரோல்ஸும் வைத்துவிட்டு, தீர்ப்புக் கேட்கிறவ மாதிரி நுனிக் கதிரையில் உட்கார்ந்தா.

அவர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. கலப்பு, வெள்ளை, செவ்விந்தியன் எல்லாவற்றையும் வாசித்தார். வேலைக்குக் கட்டிய பிள்ளைகளை வாசித்தார். வாசிக்க வாசிக்க அக்காவின் முகம் தொங்கிப்போனது. நான் ரோல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப அந்தப் பீட்டர் எந்த ஊர்?" என்றா அக்கா.

"எழுதேல்லை."

"ஆர் ஆக்கள்?"

"எழுதேல்லை, தங்கச்சி. எனக்குத் தெரியாது. இது நான் ஒருத்தருக்கும் சொல்லாத வார்த்தை."

அக்கா எழும்பப் போனா. "இரு" என்றார் விசாரணை. அக்கா இருந்துவிட்டா.

"எழுதின ஒண்டு இருக்கு. வெள்ளைக்காரப் பெட்டை வேறை நிறத்தானுக்குப் பிள்ளை பெத்தா அந்தக் காலத்திலை அது குற்றம். மூண்டு பிள்ளைக்கும் மூண்டு தரம் கோட்டுக்கு இழுத்திருக்கிறாங்கள். தகப்பன் ஆர் எண்டு சத்தியம் பண்ணிக் கேட்டிருக்கிறாங்கள். ஒரு வெள்ளைக்காரன்ரை பேரைச் சொல்லியிருந்தா தண்டனை குறைஞ்சிருக்கும், பிள்ளையளையும் முப்பது வயசு தாண்டும்வரைக்கும் வேலைக்குக் கட்டியிருக்க மாட்டாங்கள். அவள் மூண்டு தரமும் பீட்டர் எண்டுதான் சொன்னவள்."

அக்கா கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தா.

"பிறகு?" என்றா அக்கா.

"கலியாணம் கட்டச் சட்டம் விடேல்லை. அதாலை பக்கத்து வீட்டிலை இருந்திருக்கினம். அவன் சாகும்வரைக்கும்."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தா. அத்தான் போன பிறகு அவ இப்படி அழுவதை நான் பார்த்ததில்லை. குதிரைக் கள்ளனுக்கு அழுதது வேறு வகை.

அவர் எண்ணெய்த்தாளைச் சுருட்டத் தொடங்கினார். சுருட்டிக்கொண்டே, மிகவும் சாதாரணமாக, "நான் எப்பவும் ரெண்டு பக்கமும் விசாரிக்கிறனான். உங்கட பக்கத்தையும் விசாரிச்சனான்" என்றார்.

"எங்கடையையோ?" என்றா அக்கா.

"ஓம். நாலு தலைமுறை பாத்தன். காணி வழக்கு, தமையனும் தம்பியும் கதை பேச்சில்லை, சீதனம் காணாதெண்டு தாலி கட்ட முந்தி எழும்பிப் போனவர் ஒருத்தர். அவர் உன்ரை அப்பாவைப் பெத்த சொந்தப் பேரன். அங்காலை மேரி, இஞ்சாலை இவர். என்னைக் கேட்டா, தங்கச்சி, மாப்பிள்ளை பகுதிதான் திறமான ஆக்கள். நீங்கள் கொஞ்சம் குறைவு."

சுவரோரம் நின்ற சிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா என்னைப் பார்த்தா, சுருளைப் பார்த்தா, திரும்ப அவரைப் பார்த்தா. பிறகு, உண்மையாகவே கலங்கிப்போய்க் கேட்டா:

"அப்ப அண்ணை, அவையள் இதுக்குச் சம்மதிப்பினமோ?"

அன்று பின்னேரமே அக்கா கூறைச்சீலைக்கு ரெலிபோன் எடுத்தா. தகப்பன் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஒரு பசுவும் பானையும்தான் பரம்பரைச் சொத்து என்று இருந்த குடும்பம், ஒரே நாளில் எட்டாத சம்பந்தம் ஆகிவிட்டது. எங்கள் சனத்துக்கு மேலே பார்க்கத் தெரியும், கீழே பார்க்கத் தெரியும். நேரே பார்க்கத்தான் யாரும் பழக்கவில்லை.

கல்யாணத்துக்கு விசாரணையை ஒருவரும் கூப்பிடவில்லை. அவர் விசாரித்துக் கொடுத்த எந்தக் கல்யாணத்துக்கும் அவரைக் கூப்பிடுவதில்லை என்பது எழுதாத சட்டம். இரண்டு பகுதியின் ஊத்தையும் தெரிந்த ஆளைப் பந்தியில் வைத்துக்கொண்டு யாருக்குச் சோறு இறங்கும்? அக்கா அழைப்பிதழ் எழுதும்போது பட்டியலில் 'விசாரணை அண்ணை' என்ற வரிக்கு மேல் கோடு கீறினா. நானும் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பதிவுக் கந்தோரில் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்தா. சிந்து கையெழுத்து வைக்கும்போது தாயைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. பிறகு மண்டபத்தில் சாப்பாடு. பெண் பகுதியில் இருநூறு பேர். மாப்பிள்ளை பகுதிக்கு ஒதுக்கிய நீள மேசையில், அமெரிக்காவிலிருந்து வந்த அத்தை மட்டும் தனியே. ஐசக்குக்கு வேறு ஒருவரும் இல்லை. எழுபது வயது மனுஷி, சாம்பல் நிறச் சட்டை. மடியில் அந்த எண்ணெய்த்தாள் சுருள். சிந்து ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவைத்திருந்தாள், அத்தை அதை அங்கிருந்து திரும்பக் கொண்டுவந்திருந்தா. இதை எழுதிய மனிசர் எங்கே என்று அவ என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டபோது, எனக்கு நிலத்தைப் பார்க்க வேண்டியதாகப் போய்விட்டது.

சிந்துவே ரெலிபோன் எடுத்தாள். அவர் வேலையிலிருந்து நேரே வந்தார். அதே கோட், கையில் சவர்க்கார மணம். அத்தை எழும்பி நின்று அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா. தன் பாட்டன் தாங்கள் போர்த்துக்கேயர் என்று சொன்னாராம், தகப்பன் செவ்விந்தியர் என்று சொன்னாராம், தம்பி, ஐசக்கின் தகப்பன், வாயே திறக்கவில்லையாம். எழுபது வயதுவரை தான் யாரென்று ஒருவரும் தனக்குச் சொல்லவில்லை என்றா. மேரி என்ற பெயரை விரலால் தொட்டுக் காட்டினா. பிறகு பக்கத்துக் கதிரையை இழுத்து, "எங்கள் பக்கத்தில் என்னைத் தவிர ஆளில்லை, நீங்கள் இங்கே இருங்கள்" என்றா. நான் மொழிபெயர்த்தேன். 

அவர் இருந்தார். முதல் தரமாக ஒரு கல்யாணத்தில், அதுவும் மாப்பிள்ளை பகுதியாக. ஐந்து நிமிடம் கண்ணைத் துடைத்தார். ஆறாவது நிமிடம் மாப்பிள்ளை வீட்டாரின் உரிமையைக் கையில் எடுத்துவிட்டார். பருப்பில் உப்பில்லை, வடை ஆறிப்போச்சு, பெண் பகுதியார் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை, இதுவோ மரியாதை என்று மண்டபத்துக்கே கேட்கக் குறை சொன்னார். அத்தை ஒன்றும் விளங்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினா.

இளைஞர்கள் பரிமாறிக்கொண்டு நின்றார்கள். நான் பாயச வாளியை வாங்கிக்கொண்டு அந்த மேசைக்குப் போய் அவருக்கு ஊற்றினேன். ஏழு வருடமாக அந்த மனிசனை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது என்றுதான் நானும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போதும் போதும் என்று அவர் கையால் மறித்தார். கையை விலக்கிவிட்டு, இரண்டாம் தரமும் பாயசம் ஊற்றினேன்.